பதினேழாம் பக்கத்துக் கவிதை

கல்லூரியில் எனக்குப் 'போல வாத்தியார்' என்று பட்டப்பெயர். இருபத்தாறு வருடமாக உவமையும் உருவகமும் நடத்துகிறவனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? கூடவே இன்னொரு தொழிலும் உண்டு. யார் கவிதைக் கட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும் அணிந்துரை எழுதித் தந்துவிடுவேன். முதல் கவிதை, கடைசிக் கவிதை, நடுவில் சும்மா ஒரு புரட்டல். அதற்குமேல் படிப்பதில்லை. எங்கள் தமிழ்த்துறை ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். வெளியில் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் என் தங்கை கொடுத்த கட்டுக்கும் அதே கதிதான். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து அப்போது நாலு மாதம். தலைகூட வாராமல் என் அறைக்கு வந்து, மேசைமேல் கட்டை வைத்து, "முழுசாப் படிண்ணா" என்றாள். இரண்டே நாளில் எழுதி முடித்து, கையோடு தெரிந்த பதிப்பகத்துக்கும் அனுப்பிவிட்டேன். அவளுக்கு ஒரு நல்லது செய்த திருப்தி எனக்கு. 'இதில் அணி அலங்காரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வரியும் வாழ்ந்து எழுதியது' என்று அதில் ஒரு வாக்கியம். பத்துப் புத்தகத்துக்காவது அதே வாக்கியத்தை எழுதியிருப்பேன்.

அந்த வாக்கியம்தான் இன்று குடும்ப நீதிமன்றத்தில் என் கழுத்தைப் பிடித்தது.

தங்கையும் மாப்பிள்ளையும் பிரிந்துவிட்டார்கள். குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு. மாப்பிள்ளையின் வக்கீல் தங்கையின் புத்தகத்தை எங்கிருந்தோ பிடித்துவிட்டார். பதினேழாம் பக்கத்தைத் திறந்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

'குளிக்கப் பிள்ளையைத் தொட்டியில் இறக்கினேன்.
கையை எடுத்தேன்.
எண்ணத் தொடங்கினேன்.
ஏழில் யாரோ கதவைத் தட்டினார்கள்.'

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் தங்கையைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

அதை உருவகம் என்று சொல்லத்தான் என்னைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் முதன்முதலாகப் பார்த்ததே போன வாரம், எங்கள் வக்கீலின் மேசையில். பார்த்ததும் உருவகம் என்று முடிவு கட்டிவிட்டேன். என் தங்கை எழுதியது வேறு எதுவாக இருக்க முடியும்?

கூண்டில் ஏறி வகுப்பே எடுத்தேன். தண்ணீர் என்பது தாயின் களைப்பு, எண்ணுவது தூங்காத நாட்களை, கதவைத் தட்டியது விடியல். மாப்பிள்ளையின் வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் அணிந்துரை இருந்த முதல் பக்கத்தைப் புரட்டினார்.

"அலங்காரமே இல்ல, எல்லாம் வாழ்ந்து எழுதினதுன்னு இங்க நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? அப்ப எழுதினது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

படிக்காமல் எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். பின்வரிசையில் என் துறை ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் அதை ஒப்புக்கொள்வதா?

"அது உயர்வு நவிற்சி அணிங்க. அணிந்துரைன்னா கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவோம்."

நீதிபதியே சிரித்துவிட்டார். மத்தியானத்துக்குள் உத்தரவு வந்தது. குழந்தை தாயிடமே இருக்கட்டும்.

வெளியே நீள நடையில் மர பெஞ்சில் தங்கை உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிப்போயிருந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எப்படிச் சமாளிச்சேன் பார்த்தியா? அந்த ஆளு மூஞ்சில ஈயாடல."

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்.

"அது உருவகம் இல்லண்ணா."

"என்னது?"

"நிஜமாவே கைய எடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கேக்க வந்து கதவத் தட்டினாங்க. உடனே தூக்கிட்டேன். யார்கிட்டயும் வாயால சொல்ல வரல. அதான் எழுதி உங்கிட்ட கொண்டாந்து குடுத்தேன். படிச்சிட்டு நீ ஓடி வருவேன்னு நெனச்சேன்."

பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"புத்தகமே அச்சாகி வந்திடுச்சு, நீ வரல. அப்புறம் நானா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். ஒரு வருஷம் மாத்திரை. இப்ப ஒண்ணும் இல்ல, பயப்படாத. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு அதப் படிச்சியா, இல்லையா?"

துறை ஆட்கள் இருவரும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இத்தனை வருடப் பழக்கம் என் வாயை முந்திக்கொண்டது.

"படிக்காம எழுதுவேனா? ஒரு வரி விடாமப் படிச்சேன்மா."

தங்கை என்னையே பார்த்தாள். பிறகு குழந்தையை என் பக்கத் தோளிலிருந்து மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"படிச்சுட்டுமா நீ வரல?"