மேகத்தில் உட்கார்ந்த ரெக்ஸ்

ரெக்ஸுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ரோசா அக்கா வந்து அவன் படங்களைப் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடங்களாக அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்கும் வேலையை அவனிடம்தான் கொடுத்திருந்தாள். முத்தியால்பேட்டையில் சொந்தத் தம்பி போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பாள்? இவன் சும்மா இருந்தானா! கம்ப்யூட்டரில் அம்மாவின் முகத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு திறந்த ஜன்னலை வைத்தான். ஜன்னலுக்குள் கடல். அம்மா போன துக்கம் அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. வாயால் சொல்ல வரவில்லை.

"அம்மா மூஞ்சியவே அழிச்சிட்டியேடா பாவி! உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்" என்று கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு நெல்லித்தோப்பில் தன் வீட்டுக்குப் போனவள்தான்.

அதற்கப்புறம் பிழைப்புக்குக் கல்யாண ஆல்பம், தனக்கென்று இந்தப் படங்கள் என்று அவன் நாள் ஓடியது. ஆளில்லாத சட்டை ஒன்று சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும். குடைக்குள் மட்டும் மழை பெய்யும். படத்தில் ஆள் என்று யாராவது இருந்தால் அது ரெக்ஸ்தான். கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? கேமராவில் டைமரைத் தட்டிவிட்டு ஓடிப்போய் நிற்பான்.

2007இல் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஹாலைப் பிடித்துக் கண்காட்சி வைத்தான். அக்கா வீட்டுத் தெருமுனையில் கட்டச் சொல்லி, முன்பின் பார்த்திராத பேனர் கடை கோபிநாத்துக்குப் படத்தை ஈமெயிலில் அனுப்பினான். நாற்காலியோடு வானத்தில் மிதக்கும் ரெக்ஸ், சுற்றிலும் வெள்ளை மேகம், கீழே பொடிப்பொடியாக ஊர், அதற்கும் கீழே ஹால் விலாசம் மட்டும். நம்மூரில் ஒருத்தனை மேகத்துக்கு நடுவே உட்கார வைத்தால் என்ன அர்த்தம்? ஊரில் எவர் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மேகம் ஒட்டிக் கொடுக்கிறவன் இவன். இவனுக்கே அது உறைக்கவில்லை, பாருங்களேன்!

முதல் நாள் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது. தலைவிரி கோலமாக, கையில் சம்பங்கி மாலையோடு ரோசா இறங்கி ஓடி வந்தாள்.

"அக்கா!" என்று ரெக்ஸ் எழுந்தான்.

அவள் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "டேய்... நீ சாவலியா?"

"நான் எதுக்கு சாவறேன்?"

"தெருமுனையில மேகத்துல உக்காந்திருக்கியேடா! ரெண்டு பக்கமும் மெழுகுவத்தி வேற எரியுது. கீழ இந்த விலாசம். உன்ன இங்கதான் வச்சிருக்காங்கன்னு நெனச்சு அழுதுகிட்டே வர்றேன்."

அவனுக்கு ஒரே சந்தோஷம். சாவுக்குக்கூட வரமாட்டேன் என்றவள் வந்துவிட்டாளே!

"வந்தது வந்துட்ட. ஒரு தடவ சுத்திப் பாருக்கா."

அவள் தலையைத் திருப்பினாள். எதிர்ச்சுவரில் ஜன்னல் முகத்தோடு அம்மா. ரோசா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் நீ இத விடலல்ல?" என்றாள். "உசுரோடதான இருக்க. அப்புறம் நான் எதுக்கு இங்க?"

மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு, காத்திருந்த ஆட்டோவிலேயே ஏறிப் போய்விட்டாள். ஒரு படத்தைக்கூட நின்று பார்க்கவில்லை. ரெக்ஸுக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அந்த ஹாலில் அவனுக்கே எதிரொலி கேட்கும் என்று அடக்கிக்கொண்டான்.

கோபிநாத்துக்குப் போன் போட்டான். "நெல்லித்தோப்பு பேனர்ல மெழுகுவத்தி யாருங்க வச்சது?"

"நான்தான் சார். மேகம் இருந்துச்சா, அதான் மனசு கேக்காம படத்துல நானா சேத்தேன். பாவம், சின்ன வயசு. நீங்க அவருக்கு என்ன சார் வேணும்?"

ரெக்ஸ் நாற்காலியிலிருந்த மாலையை எடுத்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பேனர கழட்டணுமா சார்?"

"வேணாங்க," என்றான் ரெக்ஸ். "இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும். வேற யாராச்சும் வருவாங்க."