வரவேற்புத் திரை முன் பதினோரு நிமிடம்

கணினி இயங்குதளம் உருவாக்கும் நிறுவனத்தில் என் மருமகளுக்கு வேலை. கணினியைப் போட்டதும் முதலில் வரும் திரை அவள் பொறுப்பு. அதைச் சோதிக்க, கணினியைத் தொட்டே பார்க்காத ஒருவர் வேண்டுமென்று என் தங்கையைக் கேட்டாள்.

"நம்ம வீட்டுப் பொம்பள தெரியாம முழிக்கிறத நாலு பேர் உக்காந்து பாக்கணுமா?" என்றேன்.

"அறுபது வருஷமா உங்க கோபத்தையே பாத்தவ நான். அந்தப் பெட்டி என்ன கடிச்சிடவா போகுது, அண்ணா?" என்று தங்கை கிளம்பிவிட்டாள். ஒருவர் சிரித்தாலும் அவளை எழுப்பி அழைத்துவந்துவிடும் முடிவோடு நானும் போனேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தங்கை. இந்தப் பக்கம் மருமகளும் இன்னும் ஆறு பேரும், கையில் நோட்டுகளோடு. உள்ளே இருப்பவருக்கு யாரும் உதவக் கூடாதாம்.

திரையில் 'வாருங்கள்' என்று வந்தது. தங்கை தலையசைத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து நிமிடம் போயிற்று. எனக்குக் காது சுட்டது.

"எதையாவது தட்டச் சொல்லும்மா."

"சொல்லக் கூடாது, மாமா."

யாரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

பதினோராவது நிமிடம் அந்த ஆறு பேரில் ஒருவரான தலைமைப் பொறியாளர் உள்ளே போக, நாங்களும் பின்தொடர்ந்தோம்.

"ஏம்மா ஒண்ணையுமே தொடல?"

"வாங்கன்னு சொல்லிருக்கு, வந்துட்டேன். உள்ள கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். அடுத்தவங்க வீட்டுல சொல்லாம கை வைக்கிற வழக்கம் எங்களுக்கு இல்ல."

அவர் திரையையே பார்த்தார். "மூணு வருஷமா தினமும் இதத் தாண்டிப் போறோம். வாங்கன்னுட்டு, வாசல் எங்கன்னு சொல்லவே இல்லயே."

மருமகளின் நோட்டை எட்டிப் பார்த்தேன். காலையிலிருந்து வந்தவர்களின் தடுமாற்றங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரே சொற்கள்: 'தவறு நம்முடையது.' இத்தனை படித்தவர்கள் இப்படி எழுதிவைப்பதை நான் கண்டதில்லை.

அங்கேயே திரையை மாற்றினார்கள். 'உள்ளே வர, ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்.' தங்கை இருப்பதிலேயே நீளமான விசையாகப் பார்த்து அழுத்தினாள். திரை திறந்தது.

"இது எத்தன பேர் வீட்டுக்குப் போகும்?" என்றேன்.

"கோடிக்கணக்குல, மாமா."

பொறியாளர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க கணினி தொட்டிருக்கீங்களா?"

எங்கள் குடும்பத்தில் பொய் சொல்வதில்லை. "இல்ல" என்றேன்.

தங்கை நாற்காலியை விட்டு எழுந்தாள். ஏழு நோட்டுகளும் விரிந்தன. நான் உட்கார்ந்தேன்.