அடிக்கிற நெஞ்சு

கருமாதிக்கு முதல் நாளும் பாஞ்சாலை தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு பீங்கான் பட்டறைக்கு வேலைக்குப் போய்விட்டாள். செத்தது யாரோ தூரத்து உறவா? அவளுடைய புருஷன் தங்கதுரை. வேப்பூர் ரோட்டில் லாரி தட்டிவிட்டுப் போன மனுஷன். பாண்டிச்சேரியிலிருந்து பஸ் பிடித்து அப்போதுதான் வந்து சேர்ந்த மதிவதனியிடம், வாசல் பந்தலில் நின்றபடி தங்கதுரையின் அக்கா ஆண்டாள் இதைச் சொன்னாள். சொன்னாள் என்பதைவிடச் சண்டைக்கு இழுத்தாள் என்பதுதான் சரி.

"தெருவே சிரிக்குது சிஸ்டர். பூவு, பொட்டு, மெட்டி ஒண்ணும் கொறையில்ல. கேட்டா, 'எம் புருஷன் சாவல, எதுக்குத் தாலிய எடுக்கணும்'ன்றா. யாரு சொன்னான்னு கேட்டா, ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னாங்கன்றா. எனக்குந்தான் ஆத்தங்கரையில ஒக்கார வச்சு எடுத்தாங்க. நான் செத்தா பூட்டேன்? நீங்க சொன்னத நீங்களே போயி இல்லன்னு சொல்லுங்க."

மதிவதனியின் பிழைப்பே வாயில்தான் இருந்தது, அது இன்றைக்குப் பார்த்துக் கட்டிக்கொண்டது. நர்ஸாகச் சேர்ந்தவள்தான், ஆனால் ஊசி போடுவதை விட்டுப் பல வருஷமாகிறது. மூளைச்சாவு என்று டாக்டர்கள் முடிவு சொன்ன பிறகு அந்த வீட்டு மனுஷர்களோடு உட்கார்ந்து பேசுவது அவள். உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதம் வாங்குவது அவள். எந்த உறுப்பு எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்ததும் டாக்டர்களையும் ஆம்புலன்ஸையும் போலீசையும் ஒரே கயிற்றில் கட்டி இழுப்பதும், கடைசியில் உடம்பைத் துடைத்துத் துணி சுற்றி வீட்டாரிடம் ஒப்படைப்பதும் அவள்தான். 'கோஆர்டினேட்டர் சிஸ்டர்' என்று முகத்துக்கு நேரே மரியாதையாகக் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் 'கழுகு வந்துடுச்சு' என்று வார்டில் யாரோ சொன்னதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. விழுந்தால் என்ன, அவளால் பிழைத்தவர்கள் ஊர் ஊராக நடமாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெம்பில்தான் இத்தனை நாள் சோறு இறங்கியது.

தங்கதுரையிடமும் எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது. ஒன்றைத் தவிர. பாஞ்சாலை அவன் மார்பில் காதை வைத்தாள். வைத்தவள் எடுக்கவே இல்லை. "அடிக்குது சிஸ்டர். ஒடம்பு சூடா இருக்குது. அடிக்கிற நெஞ்ச வச்சிக்கிட்டு எப்பிடி செத்துட்டாருன்றீங்க?" என்றாள். மூளை போய்விட்டது, மூச்சு மிஷின் விடுவது, அதை நிறுத்தினால் நெஞ்சும் நின்றுவிடும் என்று மதிவதனி படித்துப் படித்துச் சொன்னாள். ஒன்றும் ஏறவில்லை. சென்னையில் ஒருவர் அந்த இதயத்துக்காகக் கிடையாய்க் கிடந்தார், நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மதிவதனி வாயில் அந்த வார்த்தை வந்தது.

"அது நிக்கக் கூடாதுன்னுதான்க்கா கேக்கறேன். நீங்க சரின்னா இன்னொருத்தர் ஒடம்புல அது அடிச்சிக்கிட்டே இருக்கும். அவரு சாவ மாட்டாரு."

புதிதாகச் சொன்னதில்லை. எத்தனையோ வீட்டாரிடம் சொன்னதுதான். அவர்கள் அழுதுகொண்டே தலையாட்டுவார்கள், ஊருக்குப் போய்க் கொள்ளி வைப்பார்கள், காரியம் செய்வார்கள். பேச்சு வேறு, சாவு வேறு என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாஞ்சாலை மட்டும் சொன்ன சொல்லை அப்படியே முடிந்து வைத்துக்கொண்டாள். அதிகாரிகள் வந்து மாலை வைத்து அரசு மரியாதை செய்தபோது ஊரே அழுதது, அவள் அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

பட்டறை ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே சூளையின் அனல் முகத்தில் அடித்தது. கொட்டகையில் சுடாத பொம்மைகள் பலகை பலகையாகக் காய்ந்துகொண்டிருந்தன. பாஞ்சாலை ஒரு ஓரமாக உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் வழித்துக்கொண்டிருந்தாள். மதிவதனியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததே, அதைத்தான் மதிவதனியால் தாங்க முடியவில்லை.

"வாங்க சிஸ்டர்! எங்க அண்ணி வரச் சொன்னாங்களா? வந்ததே நல்லதாப் போச்சு. அவரு எங்க இருக்காரு, பேரு என்னன்னெல்லாம் கேக்க மாட்டேன். சொல்லக் கூடாதுன்னு அன்னிக்கே சொல்லிட்டீங்க. நல்லா இருக்காரான்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

மதிவதனி பக்கத்தில் கிடந்த கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். அந்த இதயத்தை வாங்கிக்கொண்ட சென்னை மனுஷர் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளே போய்விட்டார். உடம்பு இதயத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. சென்னை ஆஸ்பத்திரியில் இதே வேலை பார்க்கிறவள் போனில் சொன்னாள்: "போயிட்டாருடி. அவரு வைஃப் இன்னும் வராண்டாலயே உக்காந்திருக்காங்க." அன்றைக்கு மதிவதனி சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டாள், வேறு வீட்டாரிடம் பேசப் போனாள். கொடுத்தவர் வீட்டுக்கு இதையெல்லாம் சொல்வதில்லை என்பது அவர்கள் ஆஸ்பத்திரியின் வழக்கம். நல்ல வழக்கம் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

"கிட்னி ரெண்டும் ரெண்டு பேருக்கு நல்லா வேலை செய்யுதுக்கா. ஈரலும் நல்லா இருக்குது" என்றாள்.

"ஈரலையா கட்டிக்கிட்டேன்?" என்று பாஞ்சாலை சிரித்தாள். "நெஞ்சச் சொல்லுங்க. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது சீட்டு கட்டிட்டு வந்திருக்கேன். போன வாரம் மணவாளநல்லூருக்கு நடந்தே போனேன். பேரு போடணும்னாங்க. பேரு தெரியாதே, எங்க வூட்டுக்காரர் பேரையே போட்டு, நெஞ்சு நிக்காம பாத்துக்கோ சாமின்னு எழுதிக் கட்டினேன். உப்பையும் கொறச்சிட்டேன். நெஞ்சு நோவுக்காரருக்கு உப்பு ஆவாதாமே? அவரு அங்க சாப்புடாதத நான் மட்டும் இங்க எப்பிடி சாப்புடறது?"

போன வாரம். அந்தச் சென்னை மனுஷர் உடம்பு எரிந்து சாம்பலாகிச் சில நாளுக்குப் பிறகு இவள் வெயிலில் நடந்து போயிருக்கிறாள். பொய் சொல்லிவிடலாம். 'நல்லா இருக்காரு' என்று இரண்டே வார்த்தை. சொன்னால் இவள் நாளைக்கு ஆற்றங்கரைக்கு வரமாட்டாள். நாத்தனாரோடு தலைமுடியைப் பிடித்துச் சண்டை வரும், ஊர் தள்ளி வைக்கும், இவள் பேர் தெரியாத ஒருவனுக்காக உப்பில்லாமல் தின்று கிழவியாவாள். உண்மையைச் சொன்னாலோ, இப்போதே பூவையும் பொட்டையும் பிடுங்கி ஆண்டாள் கையில் கொடுத்ததுபோல. யாருக்காகப் பேசவந்தோம் என்றே மதிவதனிக்குப் புரியவில்லை.

"அக்கா, தாலிய எடுக்கணும்னு ஒண்ணும் சட்டமில்ல. உங்களுக்குப் பிரியம்னா போட்டுக்கிட்டே இருங்க. நான் ஆண்டாளம்மாகிட்ட பேசறேன்."

பாஞ்சாலையின் கை நின்றது. "பிரியத்துக்கா போட்டிருக்கேன்? அவரு இருக்காருன்னு போட்டிருக்கேன். இல்லாத ஆளுக்குப் போட்டுக்க நான் என்ன பைத்தியமா?" பொம்மையைப் பலகையில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "ஏன் சிஸ்டர் இப்பிடி சொல்றீங்க?"

எத்தனை வீட்டாரின் அழுகைக்கு நடுவில் கல்லாக உட்கார்ந்து பழகியவள் மதிவதனி. அழுதால் காரியம் கெடும் என்பது அவள் முதலில் கற்றுக்கொண்ட பாடம். இங்கே கெடுவதற்கு ஒரு காரியமும் மிச்சமில்லை. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை, தேம்பிவிட்டாள்.

பாஞ்சாலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ ரயில் நீளமாகக் கூவிக்கொண்டு ஜங்ஷனுக்குள் நுழைந்தது.

"எப்போ?"

"மூணாம் நாளே போயிட்டாருக்கா. நான் அப்பிடி சொல்லியிருக்கக் கூடாது. உங்க வூட்டுக்காரர் அன்னிக்கே செத்துட்டாரு. எங்கிட்ட வர்றதுக்கு முன்னாடியே."

"ரெண்டு வாட்டி செத்தாரா எம் மனுஷன்" என்றாள் பாஞ்சாலை. குரல் உடைந்து, பிறகு எழும்பி, கொட்டகையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அழுகையாயிற்று. இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தது. பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து தோளைப் பிடித்தார்கள். பிறகு அவளாகவே புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, மெல்லக் கேட்டாள்:

"அவருக்குப் பொண்டாட்டி இருக்காளா?"

மதிவதனி ஆமாம் என்று தலையசைத்தாள்.

"அவளுக்கும் எடுத்திருப்பாங்க இல்ல?"

பாஞ்சாலை பூவைப் பிய்த்தெடுத்து மடியில் போட்டாள். களிமண் கையாலேயே கூந்தலை அள்ளி முன்னால் போட்டுக்கொண்டு, முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"ஆத்தங்கரையில பத்துப் பேரு கை வக்க வேணாம். நீங்களே எடுங்க சிஸ்டர். நீங்கதான அவர எங்கிட்டயிருந்து வாங்கிட்டுப் போனீங்க."

"நானாக்கா?" என்று மதிவதனி பின்வாங்கினாள். குனிந்த பிடரி அப்படியே காத்திருந்தது.

மஞ்சள் ஊறி இறுகிப்போன முடிச்சு அது. மதிவதனி ஒரு கையால் அவள் கழுத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கை நகத்தை முடிச்சில் வைத்தாள். விரல்களுக்குக் கீழே கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது, விடாமல், வேகமாக.