நாசரேத்திலிருந்து வந்தவள்

விளக்குச் சூட்டில் முகப்பவுடர் கரைந்து கண்ணுக்குள் இறங்குகிறது, நவமணி துடைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள், இந்தியப் பெண் வெறுங்காலோடு இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்குமாம், ஐம்பத்தாறாம் வருஷம், அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு தொலைக்காட்சி நிலையம், ஞாயிறு பகலில் நேரடியாக ஒளிபரப்பாகிற சுவிசேஷ நிகழ்ச்சி, அவள் டாக்டர் படிப்புக்கு உதவித்தொகை தருகிற சபை நடத்துவது, அவள் பேச வேண்டியதை அவர்களே தட்டச்சு செய்து மடியில் வைத்திருக்கிறார்கள், நான் பாம்பைக் கும்பிட்டு வளர்ந்தேன், இருளில் கிடந்தேன், உங்கள் காணிக்கை என்னை மீட்டது என்று, இந்தத் தாளை நேற்று ஆசீர்வாதம் அண்ணாச்சியிடம் காட்டினாள், அவள் ஊர்ப் பக்கத்துச் சாயர்புரத்துக்காரர், இங்கே ஓஹையோவில் இறையியல் படிக்க வந்தவர், எங்க தாத்தா சபையில வேதம் சொல்ற உபதேசியாரு அண்ணாச்சி, பாம்பக் கண்டா அடிச்சிருக்காரே தவிர கும்புட்டதில்ல என்றாள், அவர் சிரிக்கவில்லை, வாசிச்சிட்டு வந்துரும்மா, ஒன் படிப்பு அவங்க கையில இருக்கு, டாக்டராயி ஊருக்குப் போனா எத்தன பேருக்கு நல்லது, ஒரு பொய்ய ஆண்டவர் மன்னிச்சிருவாரு என்றார், ஆண்டவர் மன்னிப்பார் அண்ணாச்சி, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா மன்னிப்பாளா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை, பேச்சியம்மாவை அவருக்குத் தெரியாது.

சிவப்பு விளக்கு எரிகிறது, போதகர் ஹாலோவே கேமராவைப் பார்த்துப் புன்னகைக்கிறார், எங்கிருந்து வருகிறாய் மகளே என்கிறார், நாசரேத்திலிருந்து என்கிறாள், அவர் புன்னகை ஒரு கணம் தடுமாறுகிறது, திருநெல்வேலிச் சீமையில் ஒரு நாசரேத் இருக்கிறது ஐயா, அங்கே தேவாலய மணி கேட்டுத்தான் நான் வளர்ந்தேன், என் பாட்டனின் தகப்பனார் காலத்திலேயே எங்கள் குடும்பம் ஞானஸ்நானம் பெற்றுவிட்டது, தாளை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறாள், பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள், என் அம்மா காலராவில் கிடந்தபோது தன் பிள்ளையோடு சேர்த்து எனக்கும் பாலூட்டியவர், ஊரே கதவை அடைத்துக்கொண்ட நாட்கள் அவை, அவர் இருளில் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது, இயேசுவும் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ நிறுத்தச் சொல்லிக் கையை வீசுகிறார்கள், ஆர்கன் பெருஞ்சத்தத்தோடு அவள் குரல்மேல் ஏறுகிறது, கேமரா அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது.

நடைபாதையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவளிடம் ஹாலோவே வந்தார், கோபப்படவில்லை, அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது, நீ பதறிப்போய்விட்டாய், அடுத்த ஞாயிறு வந்து அந்தத் தாளை மட்டும் வாசித்துவிடு, உன் உதவித்தொகைக்கு ஒன்றும் ஆகாது என்றார், வெளியே காத்திருந்த ஆசீர்வாதம் அண்ணாச்சி கண்ணாடிக் கதவு வழியாக அவளைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார், அவள் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டாள், நிமிர்ந்தாள், உதவித்தொகை நின்றதும், ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டுக் கழுவியே படித்ததும், இரண்டு வருஷத்தில் முடிய வேண்டியது நாலு வருஷம் இழுத்ததும், டாக்டராகத்தான் ஊரில் போய் இறங்கியதும் எல்லாம் அதற்கப்புறம், அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவை எதுவும் தெரியாது, வருகிறேன் ஐயா, அடுத்த ஞாயிறும் நேரடியாகத்தானே போகும் என்று அவள் கேட்டாள், அப்படியென்றால் நீ வர வேண்டாம் என்றார் அவர்.