சித்திரப்பள்ளி மண்டகப்படி

சண்டை என்னவோ சீமையில்தான் நடந்தது. அடி விழுந்தது இலங்கை மலைநாட்டுப் பதுளையில் படம் வரைகிற பிள்ளைகளின் தலையில். பட்டாளம் வந்து இறங்கியபோது தங்குவதற்கு ஊரில் வேறு கட்டடமா இல்லை? றோசாலியின் சித்திரப்பள்ளிதான் அவர்கள் கண்ணை உறுத்தியது. கேட்க நாதியில்லாத இடம் பாருங்கள்! உள்ளே குதிரைகளைக் கட்டினார்கள். பிள்ளைகள் படம் வரைந்த பலகைகளை அடுப்பில் வைத்துத் தேநீர் காய்ச்சினார்கள். சண்டை முடிந்து போகும்போது கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள், மகராசன்கள். அடுத்த மழைக்கு மண்சுவரும் சரிந்தது.

பள்ளியைத் தொடங்கியவர் றோசாலியின் புருஷன் லூக்காஸ். கோவில் சுரூபங்களுக்கு வர்ணம் பூசுகிறவர். நகரத்துக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருந்த லயங்களில், பிள்ளைகள் சுவரெல்லாம் கரியால் கிறுக்குவதைப் பார்த்துவிட்டு, அவர்களுக்கென்றே நடத்தினார். லயத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கத் துரை விடமாட்டார். வெளியாள் காலை வைத்தால் காவல்காரன் விரட்டுவான். அதனால் கொழுந்து பறிக்கிற வயது வராத பிள்ளைகள் காலையில் மலை இறங்கி வந்தார்கள். லூக்காஸ் காய்ச்சலில் போனார். பள்ளியை மறுபடி திறந்ததும் உங்களைக் கூப்பிடுகிறேன் என்று றோசாலி அந்தப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த ஒரு வாக்குக்காகத்தான் பள்ளியை எடுத்துக்கட்ட உதவி கேட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

முதலில் போனது மளிகைக்கடை முத்தையா பிள்ளையிடம். நல்ல மனுஷர்தான், வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கூரை நம்ம உபயம், வாத்தியாரம்மா. திங்கக்கெழமை நம்ம மண்டகப்படியா இருக்கட்டும்."

கன்னியர் மடத்தில் வளர்ந்தவளுக்கு மண்டகப்படி என்ன தெரியும்? தங்கள் கோவிலில் ஒருவர் பெயருக்குப் பூசை ஒப்புக்கொடுப்பதுபோல இதுவும் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவருக்காக ஒரு செபம் சொன்னால் போயிற்று. "ஆகட்டும் ஐயா, சந்தோஷம்" என்று கைகூப்பிவிட்டு வந்தாள்.

முத்தையா பிள்ளைக்குக் கொடுத்ததை மற்றவர்களுக்கு மறுக்கலாமா? கதவு போட்ட ஜவுளிக்கடைக்காரருக்குச் செவ்வாய். பெஞ்சு கொடுத்த பாத்திரக்கடைக்குப் புதன். சுண்ணாம்பு கொடுத்தவருக்கு வியாழன். ஆணியும் கீலும் கொடுத்த ஹுமைத் முதலாளி, "எல்லாருக்கும் ஒரு நாள் உண்டுன்னா எனக்கு மட்டும் என்ன?" என்று வெள்ளியை வாங்கிக்கொண்டார். வர்ணப்பெட்டி தந்த துரைசாணிக்குச் சனி. நிலம் திருச்சபையுடையது; ஞாயிற்றுக்கிழமை கதவு திறக்கக் கூடாது என்று சுவாமியார் முன்பே சொல்லியிருந்தார்.

இத்தனை பேர் கொடுத்தும் சுவர் எழும்பியது யாரால் என்கிறீர்கள்? லயத்துப் பெண்களால். ரெங்கம்மா என்று ஒருத்தி, கொழுந்து பறிக்கிறவள். அவள்தான் முன்னே நின்றாள். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஓயா ஆற்றிலிருந்து கல் சுமந்தார்கள். கொத்தனாருக்குச் சோறு பொங்க வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்தார்கள். அதற்கு யாரும் உபயம் என்று பெயர் சொல்லவில்லை.

திறப்புவிழாவுக்கு முன்பு முகப்புச் சுவரில் உபயகாரர் பெயரையும் நாளையும் றோசாலியே வர்ணத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். ரெங்கம்மா கடைசிக் கூடை மண்ணை இறக்கிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எங்க லயத்து மண்டகப்படி எந்த நாளுங்க, வாத்தியாரம்மா?"

"உங்களுக்கு எதுக்கு ரெங்கம்மா தனியா ஒரு நாள்? பள்ளிக்கூடமே உங்களோடதுதானே" என்று சிரித்தாள் றோசாலி.

ரெங்கம்மா சிரிக்கவில்லை. "எங்க மாரியம்மன் திருவிழாவுல பாத்திருக்கேங்க. மண்டகப்படின்னா அன்னிக்குச் சாமியே அவுங்களுது. மாலையும் மரியாதையும் அவுங்களுக்கு. நாம தள்ளி நின்னு கும்பிட்டுட்டுப் போவேண்டியதுதான். நீங்க எல்லா நாளையும் குடுத்திட்டீங்களாம்மா?"

றோசாலி தூரிகையைப் போட்டுவிட்டு முத்தையா பிள்ளை கடைக்கு ஓடினாள்.

"ஐயா, தெரியாம ஒத்துக்கிட்டேன். லயத்துப் பிள்ளைங்களுக்காகக் கட்டின பள்ளிக்கூடம். உங்க நாள்ல அவங்களும் வந்து உக்காரட்டுமே."

பிள்ளை பதறினார். "என்னம்மா இது! எங்க வீட்டுப் பிள்ளைங்க பக்கத்துல அதுங்களா? நாளைக்கு எவன் எங்க வீட்டுல சம்பந்தம் வைப்பான்? நாலு பேருக்கு முன்னால உபயத்த வாங்கிக்கிட்டு இப்ப பங்கு போடச் சொல்றீங்களே, ஞாயமா?" பிறகு மனம் இரங்கியவர்போலச் சொன்னார்: "ஒண்ணு செய்றேன். தெறக்கிற அன்னிக்கு அதுங்களுக்கு வாசல்ல சுண்டல் குடுக்கச் சொல்றேன். வயிறு நெறையட்டும்."

மற்ற உபயகாரர்களும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். சுவாமியார் ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. கடவுள் ஓய்வெடுத்த நாளில் பிள்ளைகள் பூனைப்படம் வரைந்தால் பரலோகம் இடிந்து விழுந்துவிடுமோ என்னவோ!

திறப்பன்று மேளம் முழங்கியது. லயத்துப் பிள்ளைகள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வரிசையாக வந்து நின்றன. வாசலில் ஆளுக்கு ஓர் இலையில் சுண்டல் கிடைத்தது. தின்று முடித்தும் போகாமல் நின்றன. உள்ளே கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றன. பிள்ளையின் கடைப்பையன் வந்து, "குடுத்தாச்சுல்ல, கெளம்புங்க" என்று கையை வீசினான்.

ரெங்கம்மா நேரே றோசாலியிடம் வந்தாள்.

"சுண்டல் திங்கவா நாங்க கல்லு சொமந்தோம்? பட்டாளத்துக் குதிரைகூட உள்ள போச்சுங்களே!"

"என்னை மன்னிச்சிடு ரெங்கம்மா. பிள்ளைங்களை என் வீட்டுக்கு அனுப்பு. குசினி அடுப்போரமா வச்சுச் சொல்லித் தாறேன்."

"வேணாங்க. பொறவாசல் எங்களுக்குப் பழக்கந்தான். அதுக்கா இவ்வளவு பாடு பட்டோம்?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் றோசாலியைக் கொன்றது. பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு அவள் மலையேறிவிட்டாள்.

முதல் திங்கட்கிழமை முத்தையா பிள்ளை வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் தூங்கினான். மற்றவன் சிவப்பு வர்ணத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டு அழுதான். அடுத்த வாரம் அவர்களும் வரவில்லை. செவ்வாயும் புதனும் அப்படியே. வியாபாரம் படிக்க வேண்டிய பிள்ளைகளுக்குப் பூனைப்படம் எதற்கு என்று வீடுகளில் சொல்லிவிட்டார்களாம். புதுச் சுண்ணாம்பு மணக்கிற அறையில் காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் உட்கார முடியும்? மறுபடியும் முத்தையா பிள்ளை கடைப்படி ஏறினாள்.

"உங்க வீட்டுப் பிள்ளைங்கதான் வரலையே ஐயா. இடம் சும்மா கிடக்கு. லயத்துப் பிள்ளைங்களைக் கூப்பிட்டுக்கவா? யாரு பக்கத்துலயும் உக்காரப் போறதில்ல."

பிள்ளை கணக்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காலியாக் கெடந்தாலும் அது எங்க நாள்தானேம்மா. இன்னைக்கு அதுங்க உக்காந்தா நாளைக்கு எங்க உபயம்னு எவன் சொல்லுவான்?"

றோசாலி மடியிலிருந்து பள்ளிக்கூடத்துச் சாவியை எடுத்துத் தராசுத் தட்டில் போட்டாள். தட்டு ணங்கென்று கீழே போனது.

"அப்ப நாளை நீங்களே வச்சுக்கங்க. நல்லாயிருங்க. பிள்ளைங்க நுழையாத பள்ளிக்கூடத்துக்கு நான் வாத்தியாராம்! எனக்கு வெக்கமா இருக்கு."

அவர் தடுப்பார், குறைந்தது ஒரு வார்த்தை கேட்பார் என்று படியில் ஒரு கணம் நின்றாள். அந்த அற்ப ஆசை இன்னும் விட்டபாடில்லை, பாருங்கள். பின்னால் பிள்ளையின் குரல்தான் கேட்டது, கணக்கப்பிள்ளையிடம்.

"வண்டி வந்துதா? செத்தல் மொளகா மூட்டைய அந்தப் பள்ளிக்கூடத்துல எறக்கச் சொல்லு. மழைக்கு நல்ல எடம்."

"நம்ம நாள் திங்கக்கெழம மட்டுந்தானே மொதலாளி?"

"அதுக்கென்ன? செவ்வாக்கெழம ஆச்சுன்னு மூட்டை எந்திரிச்சு நடந்து போயிருமா?"