சீப்பு ஓட்டிய மதியம்

என் மனைவிக்குப் பொறுமை அதிகம். அவளிடம் இல்லாத அவசரமெல்லாம் சேர்த்து என்னிடம். நாலு இலை விட்டிருந்த சூரியகாந்திச் செடிகள் அன்று காலை என் கையில் மாட்டிக்கொண்டன.

பத்து நாள் விடாத மழை ஓய்ந்து மண் காய்வதற்குள் களை மளமளவென்று முளைத்திருந்தது. நிலம் என் அண்ணனுடையது, பயிர் வைப்பது நாங்கள். போன வருஷம் அதில் களைதான் விளைந்தது. இந்த வருஷமும் அப்படியென்றால் நிலத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கம்பிப்பல் கருவியை எங்கள் வீட்டில் சீப்பு என்போம். மேல்மண்ணை வாரி, நூலாக முளைத்த களையைப் பிடுங்கிப் போடும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று விடிந்ததுமே வயலில் இறக்கினேன். இரண்டு சால் போயிருப்பேன், மனைவி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"பின்னாடி திரும்பிப் பாருங்க."

செடிகள் முறிந்து கிடந்தன. அவள் பக்கத்துச் செடி ஒன்றை விரலால் வளைத்தாள். டக்கென்று ஒடிந்தது.

"ராத்திரி பூரா தண்ணி குடிச்சு விறைச்சு நிக்குது. வெயில்ல துவளட்டும், அப்புறம் ஓட்டலாம்."

"உச்சி வெயில்ல மனுஷனே துவண்டுருவான்."

"துவளுங்க. ஒடிய மாட்டீங்கல்ல."

மதியம் அவளே ஓட்டினாள். நான் பின்னால் நடந்தேன். செடி ஒடியவில்லைதான். ஆனால் சீப்பு போன இடமெல்லாம் படுத்துவிட்டது, பாதி மண்ணுக்குள். வயலில் பச்சையே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தார்.

"களையெடுக்கச் சொன்னா பயிரையே எடுத்துட்டீங்களே. போதும்ப்பா. நாளைக்கே வேற ஆளைப் பாக்கறேன்."

"சாயங்காலம் வரைக்கும் இருங்க மாமா," என்றாள் மனைவி. குரல் உறுதியாக இருந்தது, உதடு காய்ந்திருந்தது. அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் உட்கார்ந்தார்.

முதலில் களைகள் செத்தன. வெள்ளை வேர் மேலே தெரிய, சருகாகச் சுருண்டன. வெயில் தணிந்தபோது எங்கேயோ ஓர் இலை அசைந்தது. காற்று என்று நினைத்தேன். காற்றே இல்லை. பிறகு இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. யாரும் தொடாமல், சத்தமில்லாமல், வயலே மண்ணை உதறிக்கொண்டு எழுந்தது. எழுந்த செடிகள் எல்லாம் மேற்கே, வெயில் இருந்த பக்கம் சாய்ந்து நின்றன. நான் காலையில் ஓட்டிய இரண்டு சால் மட்டும் கிடந்தபடி கிடந்தது.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. இத்தனை வருஷமும் இவற்றை வளர்ப்பது நான்தான் என்று நினைத்திருந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

அண்ணன் செருப்பை வரப்பில் விட்டுவிட்டு, கால் வைக்க இடம் பார்த்துப் பார்த்து வயலுக்குள் நடந்தார். மண்கட்டிக்கு அடியில் மாட்டியிருந்த ஒரு செடியின் முன் குந்தி, அதைத் தூக்கிவிடக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க மாமா. அதுக்கு எழுந்திருக்கத் தெரியும்."

நிலத்துக்குச் சொந்தக்காரர் கையை இழுத்துக்கொண்டார். அந்த ஒரு செடிக்காக மூன்று பேரும் இருட்டும் வரை காத்திருந்தோம்.