கண்ணாடி முதலா, சீட் முதலா

சர்வதேசக் கார் கண்காட்சிக்கு நான் எப்போதும் தனியாகத்தான் போவது வழக்கம். இந்த முறை என் மனைவி, "நானும் வரேங்க" என்றாள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "ஒண்ணுல ஆள் போகும், ஒண்ணுல மூட்டை போகும்" என்று சொல்கிறவள் அவள். எதற்கு வருகிறாள் என்று விளங்கவில்லை. விளங்காததால் காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பக்கத்து ஊரில் புதிதாகத் திறக்கும் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராக வரச் சொல்லியிருக்கிறார்கள். கிளையை விடிவதற்குள் திறக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்களை வாசலில் நிற்க வைக்க முடியாது. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கார் ஓட்டத் தெரிந்தால்தான் அந்த வேலை. திங்கட்கிழமை, அதாவது மறுநாள், பதில் சொல்லியாக வேண்டும்.

நானோ டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன். அவளுக்கு மட்டும் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே வந்தேன். காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். மைதானத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் நான் போட்ட சத்தத்தில், வண்டியை நடுவிலேயே நிறுத்திச் சாவியை என் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதற்குப் பிறகு இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அரங்குக்குள் புது டயர் வாசனையும் ஏசிக் குளிரும். தரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. வட்ட மேடைகளில் கார்கள் தாமாகச் சுற்றின. யாராவது கதவைத் தொட்டுவிட்டு நகர்ந்தால் போதும், மஞ்சள் துணியோடு ஒருவர் ஓடிவந்து விரல் தடத்தைத் துடைத்தார். நான் ஒவ்வொரு காரின் முன்னும் நின்று இன்ஜின், இழுவை, விலை என்று வரிசையாக அவளுக்கு விளக்கினேன். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு காரின் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கீழே பார்த்துவிட்டு, "இதுல கிளட்ச் இல்லையா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு பெடல்தானே இருக்கு. எண்ணத் தெரியாதா எனக்கு?"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் மனம் முழுக்கக் கடைசி அரங்கில் இருந்தது. ஒரு வருஷமாக என் போன் திரையில் வைத்திருந்த கார் அங்கே நின்றது. அடர்சிவப்பு, இரண்டே இருக்கைகள். வரிசையில் நின்றால் உள்ளே சற்று நேரம் உட்காரவிடுவார்கள். கூட ஒருவர் வரலாம். ஓடிப்போய் வரிசையில் சேர்ந்தேன். பாதங்கள் ஓரிடத்தில் நிற்க மறுத்தன.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"அப்புறம் சொல்லு. வரிசை நகருது."

"நகரலையே."

"நகரப் போகுது."

பின்னால் நின்ற தொப்பிக்காரர் என் முதுகைத் தட்டினார். "அண்ணே, இடிக்காம நில்லுங்க. காரைத் தூக்கிட்டா ஓடிடப் போறாங்க?"

ஒருவழியாக என் முறை வந்தது. மேடையில் ஏறினேன், கதவைத் திறந்தேன், உட்கார்ந்தேன், பிரேக்கைத் தேடிக் காலை நீட்டினேன். வெறும் கம்பளம். எதிரே ஸ்டீயரிங் இல்லை. இத்தனை வருஷம் மாணவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பழக்கம், கால்கள் தாமாகவே அந்தக் கதவுக்கு என்னைக் கொண்டுபோயிருந்தன.

"சார், ஸ்டீயரிங் அந்தப் பக்கம்" என்றாள் மேடையில் நின்ற பணிப்பெண்.

"அண்ணன் வாடகைக் கார்னு நெனச்சு ஏறியிருக்காரும்மா. அண்ணிதான் டிரைவர்" என்றார் தொப்பிக்காரர். வரிசையே சிரித்தது. நான் இறங்கப் போனேன்.

"இருக்கட்டும், நீங்க இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி சுற்றிவந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு விரலால், பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தட்டிச் சரித்தாள். பிறகு சீட்டை முன்னுக்கு இழுத்தாள். மறுபடி கண்ணாடியைத் தட்டினாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எல்லாருக்கும் முதலில் சீட், பிறகு கண்ணாடி என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். கண்ணாடியை முதலில் தொடச் சொல்கிறவர், அதுவும் இரண்டு விரலால் தட்டச் சொல்கிறவர், ஊரில் ஒருவர்தான். எதிர்த்தெருவில் எனக்குப் போட்டியாகப் பள்ளி நடத்துகிறவர். கண்ணாடிக்காரர் என்றே அவருக்குப் பெயர். டெஸ்ட் மைதானத்தில் அவருடைய ஆட்களைத் தூரத்திலிருந்தே நான் அடையாளம் சொல்லிவிடுவேன்.

"போயும் போயும் அந்த ஆளுகிட்டயா?" என்றேன்.

"வியாழக்கிழமை எனக்கு டெஸ்ட். நீங்களும் உங்க ஆளுங்களோட மைதானத்துக்கு வருவீங்க. அங்க திடீர்னு என்னைப் பார்த்துக் கத்தினீங்கன்னா எனக்குக் கை கால் ஓடாது. அதான் இங்கேயே சொல்லிடலாம்னு வந்தேன்."

"இங்க மட்டும் கத்த மாட்டேனா?"

"இந்தக் காருக்குள்ள கத்த மாட்டீங்க."

அது உண்மை. எனக்கு மூச்சுவிடவே கூச்சமாக இருந்தது.

"சீட்டை நகர்த்தினா கண்ணாடி மறுபடி தப்பாகும். அதுகூடத் தெரியாத ஆளு அவன்."

"தெரியும். அதனாலதான் ரெண்டாவது தடவையும் பார்க்கச் சொல்றார். பார்த்தேனே."

"அவன் கத்த மாட்டானா?"

"நல்லாவே கத்துவார். ஆனா ராத்திரி அவரோட உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லையே."

பணிப்பெண் ஜன்னலைத் தட்டி, நேரம் முடிந்தது என்றாள். ஒரு வருஷம் காத்திருந்த காரின் டேஷ்போர்டு என்ன நிறம் என்றுகூட நான் பார்க்கவில்லை.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தோம். எங்கள் கார் அங்கே நின்றது: கூரையில் பள்ளியின் பலகை, முன்னும் பின்னும் சிவப்பு எல் எழுத்து, பக்கத்து சீட்டுக்குக் கீழே எனக்கென்று தனி பிரேக், தனி கிளட்ச்.

"நாளைக்கு உங்க லேப்ல என்ன சொல்லப் போற?"

"அதை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் சொல்றேன். சாவியைக் கொடுங்க." கையை நீட்டினாள். "நீங்க பக்கத்துல இருந்தே எனக்குக் கை நடுங்கலைன்னா, டெஸ்ட்ல யார் இருந்தாலும் நடுங்காது. அப்ப வரேன்னு சொல்லிடுவேன்."

கொடுத்தேன்.

"காலை மேல எடுத்து வெச்சுக்கோங்க."

"என்னது?"

"நீங்க பிரேக்கை மிதிச்சா, நான் ஓட்டினதா ஆகாது."

செருப்பைக் கழற்றிவிட்டு, சொந்தக் காரில், என் சொந்த சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் கண்ணாடியைத் தட்டினாள், சீட்டை இழுத்தாள், மறுபடி தட்டினாள். வண்டி ஒரு முறை குலுங்கிக் கிளம்பியது.

பெரிய சாலையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு முந்தியது. எனக்கு உள்ளங்கால் பரபரத்தது. ஒருவன் பைக்கில் குறுக்கே புகுந்தான். "பிரே..." என்று வாய் வரை வந்ததை விழுங்கினேன். இரண்டு கையாலும் முழங்கால்களை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் வேகத்தைக் குறைத்து அவனைப் போகவிட்டு, கியரை மாற்றினாள். கியர் லேசாக உராய்ந்தது. அதையும் விழுங்கினேன்.

முன்னே சிக்னல் சிவப்பானது. எதிரில் நின்ற பஸ்ஸின் பின்பக்கம் பெரிதாகி, பெரிதாகி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது, பஸ்ஸுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம் என்கிற அளவுக்கு இடம் விட்டு வண்டி நின்றிருந்தது. ஸ்டீயரிங்கின் மேல் அவள் விரல்களைப் பார்த்தேன். அசையவில்லை.

என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "மூச்சு விடுங்க. பச்சை விழ இன்னும் நேரம் இருக்கு."